கேப்சூலைப் பிரித்துப் பாலில் கலக்கிக் கொடுக்கலாமா? அந்தக் கூடு எதைக் காக்கிறது?

கேள்வி இதுதான்: 78 வயது அம்மாவுக்கு மூன்று கேப்சூல்கள். காலையில் வெறும் வயிற்றில் ஓமெப்ரசோல், காலையும் இரவும் டாபிகாட்ரான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைட்டமின் டி. தொண்டையில் சிக்கிக்கொள்கிறது என்று அம்மா பயப்படுவதால் மூன்றையும் பிரித்து, உள்ளே இருப்பதைப் பாலில் கலக்கிக் கொடுக்கிறீர்கள். "மேலே இருக்கிற கூடு வெறும் பிளாஸ்டிக் மாதிரிதானே, அதைத் தூக்கிப் போட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாபிகாட்ரானை இனி பிரிக்காதீர்கள். இன்றைய இரவு வேளையிலிருந்தே. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தைச் சட்டென்று விட்டால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். அம்மாவால் முழுசாக விழுங்கவே முடியாது என்றால் இன்றே டாக்டருக்கு போன் செய்து, இவ்வளவு நாள் பிரித்துக் கொடுத்த விவரத்தையும் மறைக்காமல் சொல்லி, மாற்று மருந்து கேளுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போன தடங்கள், கறுப்பாக மலம் என்று ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் போனோடு நிறுத்தாமல் நேரில் கூட்டிப் போய்விடுங்கள். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

நான் ஒரு மருந்தாளுநர். ஆஸ்பத்திரி மருந்தக ஜன்னலுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "இதைப் பிரிச்சுக் குடுக்கலாமா?" என்று யாராவது கேட்காத நாள் குறைவு. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று கேப்சூலும் ஒரே சாடையில் இருக்கும். ஆனால் மருந்தைக் காக்கிற காவல் ஒன்றில் கூட்டிலேயே இருக்கும், இன்னொன்றில் உள்ளே கிடக்கும் ஒவ்வொரு மணியின் மேலும் இருக்கும், வேறொன்றில் அது அடைபட்டு வரும் அட்டையில் இருக்கும். காவல் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கழற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்ல முடியும்.

சரி, கூட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது பிளாஸ்டிக் இல்லை. பெரும்பாலான கேப்சூல்களில் அது ஜெலட்டின். மாட்டு எலும்பு, மாட்டுத் தோல், பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுக்கும் புரதம். எலும்பு என்றால், முதலில் அமிலத்தில் ஊறவைத்து அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுப்பார்கள். மிச்சமிருக்கும் மெத்தென்ற பாகத்தைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் போட்டுவைத்து, பிறகு வெந்நீரில் சாறு இறக்குவார்கள். ஆட்டுக்கால் சூப்பு ஆறினதும் கெட்டியாகி ஆடுமே, அந்த ஆட்டம் ஜெலட்டின் தருவதுதான். மருந்துக்கு வருவது அதன் சுத்தம் செய்த வடிவம்.

அசைவம் வேண்டாம் என்பவர்களுக்கும், எந்த விலங்கு என்பது மத வழக்கப்படி முக்கியமானவர்களுக்கும் வேறு கூடுகள் இருக்கின்றன. மரக்கூழ், பஞ்சு இவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்யும் ஹைப்ரோமெல்லோஸ் கூடு ஒன்று. மாவுச்சத்தைப் பூஞ்சை கொண்டு புளிக்கவைத்து எடுக்கும் புல்லுலான் கூடு இன்னொன்று. கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். பெட்டியில் உட்பொருள் விவரம் இருந்தால் எது என்று பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

கடினக் கூட்டில் இரண்டு துண்டு. நீளமான கீழ்ப்பாதி, அதன் மேல் இறங்கும் குட்டையான மூடி. சுவரின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். ஜெலட்டின் கரைசலுக்குள் எஃகுக் குச்சிகளை முக்கி எடுத்து, குச்சியில் படிந்த படலத்தைக் காயவைத்து, உருவி, அளவாக நறுக்கிச் செய்கிறார்கள். அளவுகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏறக் கூடு சிறுக்கும்: மூன்று சைபர் போட்டது பெரியது, சுமார் 1.37 மில்லி கொள்ளும். 5-ஆம் எண் மிகச் சின்னது, சுமார் 0.13 மில்லி.

நான் பி.ஃபார்ம் படித்தபோது ஆய்வகத்தில் கையால் இயக்கும் கேப்சூல் கருவி ஒன்று இருந்தது. தகட்டில் 300 குழி. குழிக்கு ஒன்றாக வெறும் கூடுகளை இறக்கி, மூடிகளை ஒரே இழுப்பில் தூக்குவோம். கீழே முந்நூறு வாய்கள் திறந்தபடி நிற்கும். மருந்துப் பொடியைத் தகட்டின் மேல் கொட்டி, ஸ்கேலால் வழிப்பது போல வழித்து நிரப்பி, ஊசித் தட்டால் லேசாக அமுக்கி, மறுபடி வழிப்போம். பிறகு மூடித் தகட்டை மேலே வைத்து அழுத்தினால் வரிசையாக டக் டக் என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் வர ஒரு காரணம் உண்டு. கீழ்ப்பாதியிலும் மூடியிலும் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் வளையப் பள்ளங்கள் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்தால் மூடி தானாகக் கழலாது. அதன்பின் 20 கேப்சூலை எடுத்து ஒவ்வொன்றாக எடை போட வேண்டும். உள்ளிருக்கும் பொருள் 300 மில்லிகிராமுக்குக் குறைவானால் சராசரியிலிருந்து 10 சதவீதம், அதற்கு மேலானால் 7.5 சதவீதம், அவ்வளவுதான் பொதுவாக விலக அனுமதி. வீட்டில் பிரித்துக் கொட்டும்போது கூட்டின் மூலையிலும் டம்ளர் ஓரத்திலும் ஒட்டி வீணாகும் பொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 20 எடைகள் ஞாபகம் வரும்.

இந்தக் கூட்டைக் கண்டுபிடிக்க வைத்ததே ஒரு கெட்ட சுவைதான். கொப்பைபா என்று ஒரு மரப்பிசின் எண்ணெய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேகவெட்டை நோய்க்கு அதைக் கொடுத்தார்கள். வாயில் வைக்க முடியாத நெடி. 1834-இல் பாரிஸில் மோத் என்ற மருந்தியல் மாணவரும் டியூப்லாங்க் என்ற மருந்தாளுநரும் அதை ஜெலட்டின் உறைக்குள் அடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பாதரசம் நிரப்பிய சின்னத் தோல்பையை ஜெலட்டினில் முக்கி உறை எடுத்தார்களாம். 1846-இல் லெயூபி என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இரண்டு துண்டாகப் பிரியும் கூட்டுக்கு உரிமை வாங்கினார். தன் விண்ணப்பத்தில் அதைப் பட்டுப்புழுக் கூட்டுக்கு ஒப்பிட்டிருந்தார். நம் வீடுகளில் கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள்ளோ வெல்லத்துக்குள்ளோ பொதிந்து கொடுத்ததும் இதே யோசனைதான். நாக்கைத் தாண்டும்வரை மருந்து தெரியக் கூடாது.

ஆக, கூட்டின் முதல் வேலை சுவையையும் நாற்றத்தையும் மறைப்பது. குளோராம்ஃபெனிக்கால் என்று டைஃபாய்டுக்கு ஒரு காலத்தில் நிறையக் கொடுத்த மருந்து. அதன் கசப்பு நாக்கில் பட்டால் லேசில் போகாது. இந்த வேலையை ஜெலட்டின் அருமையாகச் செய்கிறது. வாயைக் கடக்கிற சில விநாடி தாங்கும், வயிற்றுக்குப் போனதும் விட்டுவிடும். இதை நீங்களே பார்க்கலாம். காலாவதியான சாதாரண வைட்டமின் கேப்சூல் ஒன்றைப் பிரித்துப் பொடியைக் கொட்டிவிட்டு, வெறும் கூட்டின் ஒரு பாதியை ஐஸ் தண்ணீரிலும் மறுபாதியைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அது ஊதி, வளைந்து, வழவழப்பாகும், கரையாது. வெதுவெதுப்பில் சில நிமிடங்களில் ஓரம் மெலிந்து, சுருண்டு, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். உடம்புச் சூடான 37 டிகிரி அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. வயிற்றில் போன கூடு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் பிளந்துவிடும். கேப்சூலை ஃபிரிட்ஜ் தண்ணீரோடு விழுங்காமல் சாதாரண அல்லது வெதுவெதுப்பான தண்ணீரோடு விழுங்கச் சொல்வது இதனால்தான்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியும். வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பது சாதாரண ஜெலட்டின் கூட்டின் வேலை இல்லை. அமிலத்தில் அது சந்தோஷமாகக் கரையும். "கேப்சூல்னா வயித்தைத் தாண்டிப் போய்த்தான் உடையும்" என்று பலர் நம்புகிறார்கள். அமிலத்தில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் குடல்பூச்சைத் தனியாகப் பூசிய கூடுகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அடுத்து வெளிச்சம். கண்ணாடி போன்ற கூடு வெளிச்சத்தை உள்ளே விடும். பால் வெள்ளையும் அடர் நிறமும் உள்ள கூடு தடுக்கும். அந்த வெண்மை டைட்டானியம் டை ஆக்சைடு, காவியும் சிவப்பும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் தடை செய்தது, மருந்தில் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறது. வெளிச்சத்தைத் தடுப்பதில் அதற்கு ஈடாக ஒன்று சுலபத்தில் கிடைப்பதில்லை என்பது முக்கியக் காரணம்.

காற்றைப் பொறுத்தவரை, காய்ந்த ஜெலட்டின் ஆக்சிஜனை நன்றாகவே தடுக்கும். ஆனால் ஈரம் என்று வந்தால் கூடு காவலாளி இல்லை. காரணம், கூட்டுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. ஒரு நல்ல ஜெலட்டின் கூட்டின் எடையில் 13 முதல் 16 சதவீதம் தண்ணீர்தான். அந்த ஈரம்தான் அதை வளையவைக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் மருந்தை உள்ளே போட்டால் அது கூட்டிலிருந்தே தண்ணீரை இழுக்கும். மருந்தும் கெடும், கூடும் அப்பளம் மாதிரி நொறுங்கும். வெளியே புழுக்கம் அதிகமானால் கூடு காற்றிலிருந்து ஈரம் குடித்துத் தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். இப்படி இரண்டு பக்கமும் ஈரம் போய்வரும் கதவுதான் ஜெலட்டின். ஹைப்ரோமெல்லோஸ் கூட்டில் ஈரம் மிகக் குறைவு. ஈரத்துக்குப் பயந்த மருந்துகளை அதில் போடுவார்கள். அதிலும்கூட உண்மையான காவல் அலுமினிய அட்டையும், டப்பாவுக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலமும்தான். அந்தப் பொட்டலத்தை, ஏதோ குப்பை என்று முதல் நாளே எறிந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும்.

இனி அம்மாவின் மூன்று கேப்சூல்களுக்கு வருவோம்.

ஓமெப்ரசோலைப் பிரித்திருக்கிறீர்கள், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பொடி இல்லை, ஜவ்வரிசியை விடச் சின்ன வெள்ளை மணிகள். ஓமெப்ரசோல் ஒரு விசித்திரமான மருந்து. வயிற்றில் அமிலம் சுரப்பதை நிறுத்த வேண்டியது அதன் வேலை. ஆனால் அந்த அமிலம் பட்டாலே சில நிமிடத்தில் சிதைந்துவிடும். அமிலத்தில் கரைத்தால் ஊதாவும் பழுப்புமாக நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, பின்புறமாக வந்து வயிற்றின் அமிலச் சுரப்பிகளை அடைய வேண்டும். அதற்காக ஒவ்வொரு மணியின் மேலும் குடல்பூச்சு பூசியிருக்கிறார்கள். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் கூடுதல். பி.எச். 5.5-க்குக் கீழே, அதாவது அமிலத்தில், அந்தப் பூச்சு கல் மாதிரி இருக்கும். குடலில் அமிலம் தணிந்ததும் கரையத் தொடங்கும். இந்த மருந்தில் மேல்கூடு வெறும் பை. காவல் முழுக்க மணியில்.

அதனால் ஓமெப்ரசோல் கேப்சூலைப் பிரிக்கலாம். பல நாடுகளில் மருந்தோடு வரும் தாளிலேயே அப்படிச் செய்ய வழி சொல்லியிருக்கிறது. ஆனால் மணியை நசுக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, பாலில் போடக் கூடாது. பாலின் பி.எச். 6.6 பக்கம், குடலின் நிலைமைக்குக் கிட்டத்தட்டச் சமம். பாலில் விழுந்த மணி, குடலுக்கு வந்துவிட்டோம் என்பது போலத் தன் பூச்சை டம்ளரிலேயே இழக்க ஆரம்பிக்கும். பிறகு வயிற்றுக்குள் அம்மணமாகப் போகும் மருந்து அமிலத்தில் அழிந்துவிடும். அம்மாவுக்கு "மாத்திரை கொடுத்தும் நெஞ்செரிச்சல் போகலை" என்று இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அரை டம்ளர் சாதாரணத் தண்ணீரிலோ, ஆப்பிள், ஆரஞ்சு போன்ற லேசான புளிப்புள்ள சாறிலோ மணிகளைக் கலக்கி, அரை மணி நேரத்துக்குள் மெல்லாமல் விழுங்கவைத்து, டம்ளரை இன்னொரு முறை கழுவி அதையும் குடிக்கவையுங்கள். சோடா கூடாது. ஒரு எச்சரிக்கை: உங்கள் கேப்சூலுக்குள் மணிக்குப் பதில் பொடி இருந்தால் அது வேறு தயாரிப்பு, அட்டையை மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள்.

இந்த மணி வித்தை பழசு. 1952-இல் அமெரிக்காவில், வெவ்வேறு கனத்தில் பூச்சுப் பூசிய நூற்றுக்கணக்கான மணிகளை ஒரே கூட்டில் போட்டு, மருந்து மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி விற்கத் தொடங்கினார்கள். புராஸ்டேட் தொந்தரவுக்கு வயதான ஆண்கள் சாப்பிடும் டாம்சுலோசினிலும் அதே தத்துவம்தான். அதை நசுக்கிக் கொடுத்தால் நாள் முழுக்க வர வேண்டியது ஒரே மூச்சில் வரும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றிக் கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, டாபிகாட்ரான். இதிலும் உள்ளே மணிகள்தான். ஆனால் ஓமெப்ரசோலுக்கு நேர் எதிர்: இந்த மருந்து கரைய அமிலம் வேண்டும். அதனால் ஒவ்வொரு மணியின் நடுவிலும் டார்டாரிக் அமிலத்தை, நம் புளியில் இருக்கும் அதே அமிலத்தை, வைத்து அதைச் சுற்றி மருந்தைப் படியவைத்திருக்கிறார்கள். மேலே ஹைப்ரோமெல்லோஸ் கூடு. முழுக் கேப்சூலாக விழுங்கினால் மருந்தில் சுமார் 7 சதவீதத்துக்குள்தான் ரத்தத்தில் சேரும். அந்தச் சின்னப் பங்கைக் கணக்கில் வைத்துத்தான் 110, 150 என்று அளவு போட்டிருக்கிறார்கள். கூட்டை எடுத்துவிட்டு வெறும் மணிகளைக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் சேர்வது சுமார் 75 சதவீதம் கூடிவிட்டது. யோசித்துப் பாருங்கள், டாக்டர் எழுதியது ஒரு பங்கு, அம்மாவின் ரத்தத்தில் ஓடியது ஒன்றே முக்கால் பங்கு வரை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தில், அதுவும் 78 வயதில், இது சின்ன வித்தியாசம் இல்லை. மேலே நான் அவ்வளவு பதற்றமாகச் சொன்னது இதனால்தான். இந்த மருந்தில் கூடு ஒரு அளவுக்கருவி மாதிரி. அதைக் கழற்றினால் கணக்கே தப்பும்.

டாபிகாட்ரான் ஈரத்துக்கும் பயந்தது. திங்கள், செவ்வாய் என்று எழுதிய வாரப் பெட்டியில் முன்கூட்டியே எடுத்துப் போட்டுவைக்கக் கூடாது. விழுங்கும் நேரத்தில்தான் அட்டையைக் கிழிக்க வேண்டும்.

மூன்றாவது, வைட்டமின் டி. வாரம் ஒன்று என்றால் அநேகமாக 60,000 யூனிட் மென்கூடு. இதற்கு மூடி கிடையாது, பிரிக்க முடியாது, நீங்கள் ஊசியால் குத்திப் பிழிந்திருப்பீர்கள். மென்கூட்டில் ஜெலட்டினோடு கிளிசரின் சேர்ப்பார்கள். அதனால்தான் அழுத்தினால் ரப்பர் போல அமுங்கி எழும். இரண்டு ஜெலட்டின் நாடாக்களைச் சுழலும் அச்சுகளுக்கிடையே விட்டு, எண்ணெய் மருந்தை நடுவில் பீய்ச்சி, அதே நொடியில் ஓரத்தை ஒட்டி வெட்டும் இயந்திரத்தை ஷெரர் என்பவர் 1933-இல் டெட்ராய்ட்டில் உருவாக்கினார். நிரப்பும்போதே மூடிவிடுவதால் இடுக்கே இல்லை. காற்றுப் பட்டால் சிக்கெடுத்துப்போகும் மீன் எண்ணெய், வைட்டமின் ஏ, டி, ஈ எல்லாம் இதில் வருவதற்குக் காரணம் அந்த முழுமையான மூடல்தான். வைட்டமின் டி-ஐப் பிழிந்து கொடுப்பதால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் கொஞ்சம் எண்ணெய் உறையிலேயே தங்கிவிடும். சிரமமே வேண்டாம். இதே 60,000 யூனிட் பாக்கெட்டில் குருணையாகவும், சின்னப் புட்டியில் திரவமாகவும் கிடைக்கிறது. சீட்டில் மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். இதைப் பாலோடு கொடுப்பது நல்லதுதான், கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக உறிஞ்சப்படும்.

மென்கூட்டைக் குத்திப் பிழியும் பழக்கத்துக்கு ஒரு துயரமான முன்கதை உண்டு. ரத்தக்கொதிப்பு ஏறியவர்களுக்கு நிஃபெடிபின் மென்கூட்டைக் குத்தி நாக்கடியில் சொட்டுவிடுவது வெகுகாலம் அவசர வைத்தியமாகவே இருந்தது. எண் சரசரவென்று இறங்குவதைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அவ்வளவு வேகமாக இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல், பக்கவாதமும் மாரடைப்பும் வந்து சிலர் இறந்தார்கள். 1990-களின் நடுவில் மருத்துவ இதழ்கள் வலுவாக எச்சரித்த பிறகுதான் அந்த வழக்கம் குறைந்தது. யார் வீட்டிலாவது பெரியவர்களுக்கு இன்னும் அப்படிச் செய்கிறார்கள் என்றால் தயவுசெய்து தடுங்கள்.

கூடு மருந்தைக் காக்கிறது என்று மட்டும் நினைக்கிறோம். பிரிக்கிற கைக்கும் அதுதான் காவல். அமாக்ஸிசிலின் கேப்சூலைப் பிரித்தால் எழும் தூசு, வீட்டில் பென்சிலின் ஒவ்வாமை உள்ள ஒருவருக்குப் போதும். புற்றுநோய்க்கும் சில ரத்த நோய்களுக்கும் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியாவின் பொடி உடம்பில் படவே கூடாது. புராஸ்டேட்டுக்கான டூட்டாஸ்டரைடு மென்கூடு கசிந்திருந்தால் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அதைத் தொடக் கூடாது. மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும், வயிற்றிலிருப்பது ஆண் குழந்தையானால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கலாம். மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது வீட்டு மருமகள் என்றால் இதை நான் ஜன்னலிலேயே சொல்லி அனுப்புவேன்.

வெளி ஆளிடமிருந்து கூடு காக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ டைலனால் என்ற வலி மருந்துக் கேப்சூல்களைத் திறந்து சயனைடு வைத்து மறுபடி கடை அலமாரியில் வைத்தார்கள். 7 பேர் இறந்தார்கள். கழற்றி மாட்டினால் தெரியாத கூடு என்பதுதான் அந்தக் கொலைகாரனுக்கு வசதியாகப் போனது. புட்டி வாயில் உரித்தால் தெரியும் முத்திரை, கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் போன்றவை அமெரிக்காவில் கட்டாயமானது அதன் பிறகே. முத்திரை உடைந்த புட்டியையோ, நடுவில் நசுங்கிய கேப்சூலையோ கடையில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

விழுங்கவே கூடாத கேப்சூலும் ஒன்று இருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்புக்கும் கொடுக்கும் ரோட்டாகேப். அதன் கூடு, கருவிக்குள் வைத்து உடைக்கவோ குத்தவோ செய்யப்பட்டது. உள்ளிருக்கும் பொடியை மூச்சோடு இழுக்க வேண்டும். பல வருடத்துக்கு முன்பு ஒரு பெரியவர், மருந்து கேட்கவே இல்லை என்று மூச்சு வாங்க வாங்க ஜன்னலுக்கு வந்தார். மாதம் முழுக்க ஒழுங்காக, ஒரு வேளைகூட விடாமல், அதைத் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். கருவியை மருந்துடன் கொடுத்திருந்தார்கள், எப்படி என்று யாரும் செய்து காட்டவில்லை. அன்றிலிருந்து ரோட்டாகேப் கொடுக்கும்போது கருவியைக் கையில் எடுத்துச் செய்து காட்டாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

வைக்கும் இடம் பற்றிக் கொஞ்சம். 15 முதல் 25 டிகிரி, மிதமான ஈரம், இதுதான் கூடுகளுக்குப் பிடித்த சூழல். நம் ஊர் மே மாதத்தில் அது கஷ்டம்தான், ஆனாலும் அடுப்புக்கு மேல் அலமாரி, பாத்ரூம் கண்ணாடிப் பெட்டி, வெயிலில் நிற்கும் காரின் முன்பக்கம், இந்த மூன்றையும் தவிர்த்தாலே பாதி வெற்றி. ஃபிரிட்ஜ் என்று அட்டையில் எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம். எடுத்து வெளியே வைக்கும்போது வியர்க்கும். சூட்டிலும் புழுக்கத்திலும் நாள்பட்ட ஜெலட்டின் வேறொரு விதமாகவும் கெடும். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தண்ணீரில் கரையாத தோல் ஒன்று உருவாகும். வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். முன்பு சொன்ன வெதுவெதுப்பான தண்ணீர்ச் சோதனையில் போட்டால் மெல்லிய பை ஒன்று கரையாமல் மிதக்கும்.

கடைசியாக, விழுங்குவது எப்படி. மாத்திரை என்றால் தலையை அண்ணாந்து விழுங்குவது நமக்குப் பழக்கம். கேப்சூலுக்கு அது தப்பு. பெரும்பாலான கேப்சூல் தண்ணீரை விட லேசானது, மிதக்கும். அண்ணாந்தால் அது முன்பல் பக்கம் மிதந்து வந்துவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் 2014-இல் வெளியான ஆய்வில் இதற்கு நேர்மாறான முறையைச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு எளிதாக இருந்தது. அம்மாவை நிமிர்ந்து உட்காரவையுங்கள். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைக்கட்டும். கேப்சூலை நாக்கின் மேல் வைத்து, நடுத்தரமாக ஒரு வாய் தண்ணீர் எடுத்து, இன்னும் விழுங்காமல், முகவாய் நெஞ்சைத் தொடுவது போலக் குனிந்து, குனிந்தபடியே விழுங்க வேண்டும். குனிந்ததும் கேப்சூல் தானாகத் தொண்டைப் பக்கம் மிதந்து போயிருக்கும். பிறகு முழு டம்ளர் தண்ணீர். ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் ஈரமான ஜெலட்டின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் அப்படி ஒட்டிய இடத்தில் புண்ணே உண்டாக்கும். அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.

முதல் தடவை மருந்தில்லாமல் ஒரு சின்ன ரொட்டித் துண்டை வைத்து நீங்களும் அம்மாவும் சேர்ந்தே பழகிப் பாருங்கள். அதில் இருமலோ புரையேறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, விழுங்கும் சிரமத்தை டாக்டரிடம் தனிப் பிரச்சினையாகவே சொல்லுங்கள். டாபிகாட்ரான் எழுதும் அளவுக்கு இதயத் துடிப்பில் கோளாறு இருக்கும் ஒருவருக்கு, புதிதாக வந்த விழுங்கும் சிரமம் சின்னப் பக்கவாதத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். போகும்போது மூன்று மருந்தின் அட்டைகளையும், வெட்டாமல், பெயரும் தேதியும் தெரியும்படி ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.